பழவேற்காடு: கோட்டையையும் ஏரியையும் தனித்தனியே பார்க்க முடியுமா?

எல்லையோர ஆசிரியர் (சூளூர்ப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். ஆந்திரத்தின் சூளூர்ப்பேட்டையில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பவர்களில் நானும் ஒருவன். பள்ளியில் தெலுங்கு வழியில் படிக்கும் இந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் வாழும் நிலத்தின் வரலாறு இரண்டு மாநிலப் பாடநூல்களிலும் சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே தை மாதத்தில் அவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம்.

பழவேற்காட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு, மீன் சாப்பிட்டு, ஏரிக்கரையில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1613இல் கட்டி முடிக்கப்பட்ட ஜெல்திரியா கோட்டை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் சோழமண்டலக் கடற்கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது என்பதையோ, அந்தக் கோட்டை ஏன் இந்த இடத்தில் எழுந்தது என்பதையோ யாரும் சொல்வதில்லை. சின்னங்களை வரிசையாகக் காட்டிவிட்டுப் பேருந்தில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கிருந்து தொடங்கினால் இந்த ஊர் பிள்ளைகளுக்குப் புரியும்? ஊரை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பொன்னேரி வாசகர்

ஆசிரியர் ஐயா, கல்லறைத் தோட்டத்திலிருந்தே தொடங்குங்கள். அங்கேதான் காலம் கல்லில் எழுதப்பட்டு நிற்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் செதுக்கப்பட்டிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்ததும் பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். மரணத்தை நினைவூட்டும் உருவங்களைக் கல்லறை வாயிலில் வைப்பது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வழக்கம். உள்ளே தரையோடு தரையாகப் பதிக்கப்பட்ட பெரிய கற்பலகைகளும், கூர்நுனித் தூண்களும், குவிமாடம் வைத்த சமாதிகளும் இருக்கின்றன. பலகைகளில் குடும்ப முத்திரைகளும், சுற்றிலும் இலைக்கொடி வேலைப்பாடும், நடுவே டச்சு மொழி எழுத்துகளும் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் சென்றால் எல்லாம் ஒரே சாம்பல் நிறப் பரப்பாகத்தான் தெரியும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் இங்கே போர்த்துக்கீசியர் வாணிகம் செய்தனர். மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 என்று சொல்லப்படுகிறது. இன்று நாம் காணும் கட்டடம் புதியது. டச்சுக்காரர்கள் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி ராயரின் காலத்தில், இப்பகுதி வேங்கடபதியின் அரசியின் ஆளுகையில் இருந்தபோது, 1610இல் பண்டகசாலை அமைக்க அனுமதி பெற்றனர். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612இல் அதைத் தாக்கி அழித்தனர். அதன் பிறகே வெறும் பண்டகசாலை போதாது என்று கோட்டை எழுப்பப்பட்டது. அதைக் கட்டிய வெம்மர் வான் பெர்ச்செம் என்ற அதிகாரி தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார். உள்ளே நாணயச் சாலையும், கிழக்கிந்தியத் தீவுகள் வரை வெடிமருந்து அனுப்பிய ஆலையும் இயங்கின. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. நாகப்பட்டினம் 1781இல் ஆங்கிலேயரிடம் போன பிறகு, பழவேற்காடு சிறிது காலம் மறுபடி தலைமையிடமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தனர். 1824 உடன்படிக்கையின்படி 1825இல் ஊரும் அவர்கள் கைக்கு வந்தது.

கோட்டை இப்போது புதர்க்காடு. அகழி மட்டும் தெரியும். எனவே பிள்ளைகளுக்குக் காட்டத்தக்கது கல்லறைத் தோட்டமே.

உவர்நீர் (கோட்டைக்குப்பம்)

பொன்னேரி அண்ணன் சொன்ன ஆண்டுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லறையிலிருந்து தொடங்கினால், இந்த ஊர் இறந்துபோனவர்களின் ஊர் என்ற எண்ணமே பிள்ளைகளின் மனத்தில் பதியும். நாங்கள் இன்னும் இங்கே வலை போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறோம். ஏரியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஊருக்குள் இருக்கும் பாலத்தைத் தாண்டிக் கடற்பக்கம் போய், முகத்துவாரத்தைப் பிள்ளைகளின் கண்ணில் காட்டிவிட்டுப் பிறகு கோட்டைக்குக் கூட்டி வாருங்கள். அப்போது அந்தக் கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்று நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இந்த ஏரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தது இதுதான். மழைக்காலத்தில் 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும் பரப்பு, கோடையில் 250 அளவுக்குச் சுருங்கிவிடும். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் நடுவேரியில் இறங்கி நடக்கலாம். தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. ஏரியையும் வங்கக் கடலையும் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவும் அதன் தெற்கே நீளும் மணல் மேடுமே பிரிக்கின்றன. அந்த மணல் மேட்டில் இருக்கும் திறப்பே முகத்துவாரம்.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கடல் நீரேற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இங்குள்ள சேற்றில் மேய்ந்து வளர்ந்து, பெரிதானதும் மறுபடி கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில்தான் எங்கள் சுத்துவலை நிற்கிறது. ஆகவே முகத்துவாரம் திறந்திருந்தால்தான் ஏரியில் இறால் இருக்கும். வாடைக் காலத்தில் மழை வெள்ளம் ஏரியை நிரப்பி, மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். மாசி பங்குனிக்குப் பிறகு வெள்ளத்தின் வேகம் போய்விடும். தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் கொண்டுவந்து கொட்டும் மணலைத் தள்ள ஏரிக்கு வலுவிருக்காது. வாய் சிறுகச் சிறுக அடைபடும். சில ஆண்டுகள் கோடையில் முழுவதும் தூர்ந்தும் போனதுண்டு. அப்போது ஏரி நீர் வற்றி, உப்பு கடலைவிடக் கூடுதலாகிவிடும். ஊரே கூடி மண்வெட்டியோடு போய் வாயைத் தோண்டிய கதைகளை எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வாய் ஒரே இடத்திலும் இருக்காது. வடக்கே நகரும், மூடும், வேறிடத்தில் திறக்கும்.

தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களுக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் போட்ட பிறகு, சுவருக்குத் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே கரை அரிக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கும் திட்டத்தை எங்கள் குப்பங்கள் எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். கரை அரித்தால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒல்லியான மணல் மேடு நிற்காது.

கல்வெட்டு ஆர்வலர்

உவர்நீர் எழுதியதைப் படித்தபோது, இவ்வளவு தெளிவாக முகத்துவாரத்தை விளக்கிய குறிப்பு வேறெங்கும் என் கண்ணில் படவில்லை என்று தோன்றியது. எனினும் ஒரு திருத்தம் தேவை. நல்ல துறைமுகம் என்பதற்காக மட்டும் டச்சுக்காரர்கள் இங்கே வரவில்லை. ஏரியின் வாய் அவர்களுடைய பெரிய கப்பல்களுக்குப் போதுமானதன்று. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைச் சிறு படகுகளே உள்ளே கொண்டுவந்தன. அவர்களை இங்கே இழுத்தது துணி.

இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கப் போனவர்களுக்கு, அந்தத் தீவு மக்கள் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பினார்கள் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. இங்கே துணி வாங்கி, அங்கே அதைக் கொடுத்து மசாலாப் பொருள் பெற்று, ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பழவேற்காட்டுப் பின்னிலத்தில் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணியும் கைக்குட்டையும் இந்த ஊரின் பெயராலேயே உலகச் சந்தையில் விற்றன. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, நூலும் சாயமும் பார்த்து, குறித்த நாளில் துணியைச் சேர்த்துத் தந்தவர்கள் உள்ளூர் வணிகர்கள். 17ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அச்சுதப்பச் செட்டியும் சின்னண்ணச் செட்டியும் என்ற தெலுங்கு வணிகச் சகோதரர்கள் இல்லாமல் டச்சுக்காரர்கள் இந்தக் கடற்கரையில் ஒரு மூட்டைத் துணிகூட வாங்கியிருக்க முடியுமா என்பது ஐயமே. அவர்கள் தரகர்கள் மட்டுமல்லர், சொந்தக் கப்பல்களும் வைத்திருந்தார்கள், அரசவைகளில் தூதும் பேசினார்கள். தெலுங்கு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன வேண்டும்?

இன்னொன்று. கல்லறையும் கோட்டையும் பார்த்த கையோடு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்கு அவசியம் போங்கள். விஜயநகரக் காலக் கோயில். வழக்கமான கருங்கல் அன்று, செம்புராங்கல்லால் கட்டியது. அந்தக் கல் துளைத்துளையாக இருக்கும், விரலால் தடவினால் துருவைப் போன்ற செம்மண் நிறம் ஒட்டும். அப்படிப்பட்ட சொரசொரப்பான கல்லோடு மல்லாடிய சிற்பிகள், நுணுக்கம் வேண்டிய இராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கழுத்தை வளைத்து நெருங்கிப் பார்த்தால்தான் எது அனுமன், எது வாலி என்று பிரித்தறிய முடியும். அருகிலேயே சமயேசுவரர் கோயிலும் இருக்கிறது.

ஓலைப்பெட்டி (பழவேற்காடு)

நான்கு பேரும் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் என்றே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வருவதற்கு முன்பே அரபு நாட்டோடு கடல் வாணிகம் செய்த முஸ்லிம்கள் இங்கே குடியிருந்தார்கள். பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் இரண்டும் ஊரின் நடுவில்தான் இருக்கின்றன. தொழுகை நேரம் பார்ப்பதற்காக வைத்த சூரியக் கடிகாரம் பள்ளிவாசலில் இருக்கிறது. நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுவே நேரம். முறையாக அனுமதி கேட்டால் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு அன்போடு விளக்கிச் சொல்வார்கள்.

எங்கள் தெருப் பெண்கள் பனங்குருத்தோலையில் பெட்டி பின்னுகிறார்கள். வெயிலில் காயவைத்த ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, சாயம் ஏற்றி, நிறம் மாற்றி மாற்றிப் பின்னுவோம். வீட்டு வேலை முடிந்த பிற்பகலில் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலை இது. பிள்ளைகள் தாராளமாக வந்து பார்க்கலாம், பின்னிப் பார்க்கவும் செய்யலாம். கேட்காமல் எங்களைப் படம் எடுப்பது மட்டும் வேண்டாம் என்று, ஆசிரியர் ஐயா, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எல்லையோர ஆசிரியர் (சூளூர்ப்பேட்டை)

அம்மா, நீங்கள் சொன்னதைக் கண்டிப்பாகப் பிள்ளைகளிடம் சொல்லி அழைத்து வருகிறேன். உவர்நீர் தம்பிக்கும் கல்வெட்டு ஆர்வலர் ஐயாவுக்கும் நன்றி.

என் மனத்தை உறுத்தும் ஒன்றைக் கேட்கிறேன். பழவேற்காட்டிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள் என்று படித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா? சொன்னால் எந்த இடத்தில் வைத்துச் சொல்வது?

நெல்லூர்த் தமிழச்சி

சொல்லியே ஆக வேண்டும், ஐயா. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பழவேற்காடு அந்த விற்பனையின் முதன்மையான துறைகளில் ஒன்று. அது எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டச்சுக்காரர்கள் 1621இல் பண்டா தீவுகளைக் கைப்பற்றி அங்கிருந்த மக்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். ஜாதிக்காய்த் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் இல்லை. பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நகரம் கட்டவும் ஆள் தேவைப்பட்டது. இங்கேயோ மழை பொய்த்தும் போரினாலும் பஞ்சம் வந்தபோதெல்லாம் பெற்றோர் பிள்ளைகளையும், பெரியவர்கள் தங்களையுமே, ஒரு பிடி அரிசிக்காக விற்க நேர்ந்தது. 1640களின் நடுவிலும் 1660ஐ ஒட்டியும் வந்த கொடும் பஞ்சங்களில் இந்த ஏற்றுமதி உச்சத்துக்குப் போனது. அங்கே ஆள் தேவை, இங்கே பஞ்சம், நடுவில் விலை பேசத் தரகர்கள். மூன்றும் சேர்ந்தபோது கப்பல் நிறைந்தது.

கல்லறைத் தோட்டத்தில் வைத்து இதைச் சொல்லாதீர்கள். அங்கே பெயர் வெட்டிய கற்களைப் பார்த்துக்கொண்டே கேட்டால், பிள்ளைகளின் கவனம் அந்தப் பெயர்களின் மேல்தான் போகும். கோட்டை மேட்டின் அருகே, அகழிக் கரையில் நிறுத்திச் சொல்லுங்கள். விற்கப்பட்டவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்லும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் வயதில் இருந்த பலரும் அவர்களுள் அடக்கம் என்பதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

பொன்னேரி வாசகர்

அம்மையார் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் டச்சுக்காரர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமய வழக்கங்களைக் குறித்து விரிவாக எழுதினார். அவர் இறந்த பிறகு 1651இல் அது அச்சானபோது, வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்கள் முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழியில் இடம்பெற்றன. இந்த ஊரில் இருவர் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. அதையும் பிள்ளைகள் அறியட்டும்.

நெல்லூர்த் தமிழச்சி

அறியட்டும், அண்ணா. இரண்டும் ஒரே ஊரில், ஒரே ஆண்டுகளில் நடந்தவை என்பதைச் சேர்த்துச் சொன்னால் போதும். நல்லவர் ஒருவர் இருந்ததைக் கொண்டு கப்பலேறியவர்களின் கணக்கை நேர் செய்ய முடியாது.

நீர்ப்பறவை

ஆசிரியர் ஐயா சூளூர்ப்பேட்டையிலிருந்து வருவதால் ஒரு யோசனை. பழவேற்காட்டுக்குப் போவதற்கு முதல் வாரமே, உங்கள் ஊரிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டைக்குப் போகும் சாலையில் அனுமதிக்கப்படும் தொலைவு வரை பிள்ளைகளை விடியற்காலையில் அழைத்துச் செல்லுங்கள். சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் பூநாரைகள் நிற்கும். பிள்ளைகள் ஒரு பறவையை மட்டும் தொலைநோக்கியில் தொடர்ந்து பார்க்கட்டும். அது தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்புறம் தரையைப் பார்க்கும்படி நீருக்குள் வைத்து, நாக்கை வேகமாக இயக்கிச் சேற்றுநீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற அமைப்பில் நுண்ணுயிர்கள் தங்கிவிடும். கால்களால் ஒரே இடத்தில் மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்கும். நீர் முழங்கால் ஆழத்துக்குள் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். உவர்நீர் சொன்ன அந்த ஒரு மீட்டர் ஆழம் பறவைக்கும் உயிர்.

அதே சாலைதான் ஏரிக்குக் கேடும் செய்திருக்கிறது என்பதையும் காட்டுங்கள். சாலைக்கரை குறுக்கே நிற்பதால் தெற்கிலிருந்து வரும் கடல்நீர் வடக்குப் பகுதிக்கு முழுமையாகப் போவதில்லை. கோடையில் வடபகுதி பல இடங்களில் உப்புப் படிந்த வெடித்த தரையாகிவிடுகிறது.

நேரம் இருந்தால் நேலப்பட்டுக்கும் போகலாம். நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடம். அவை இரை தேடி வருவது இந்த ஏரிக்குத்தான். நேலப்பட்டு ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதியும் ஆந்திரத்தில்தான். தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆந்திரப் பகுதிக்கு அதற்கு முன்பே அறிவிப்பு வந்துவிட்டது. பறவைகளுக்கு எல்லைக்கோடு கிடையாது, மீனவர்களுக்குத்தான் இருக்கிறது. இரு மாநில மீனவர்களுக்கும் இடையே வலை போடும் எல்லையைப் பற்றி வரும் சச்சரவு பழையது.

தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தே பார்க்க விரும்பினால் அண்ணாமலைச்சேரிக் கரை நல்ல இடம். கூட்டம் குறைவு.

தடா வாசி

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏரியின் வடகோடிக்கு அப்பால் துர்கராஜபட்டினம் இருக்கிறது. ஆங்கிலேயர் சென்னைக்கு வருவதற்கு முன்பு அங்கேதான் கோட்டை கட்டி வாணிகம் செய்தார்கள். அவர்கள் எழுத்துகளில் அந்த இடம் அருமகான் என்று வரும். டச்சுக்காரர் பழவேற்காட்டில் அவர்களை நிம்மதியாக இருக்க விடவில்லை. அருமகானில் துணியும் போதிய அளவு கிடைக்கவில்லை. அங்கே தலைவராக இருந்த பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போனதன் முடிவுதான் 1639இல் சென்னை. பழவேற்காட்டுக் கோட்டை அவ்வளவு வலுவாக இல்லாதிருந்தால் சென்னை பிறந்திருக்குமா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

பக்கிங்காம் கால்வாயையும் விட்டுவிடாதீர்கள். ஏரி வழியாகவே அது போகிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலையாக மக்களைக் கொண்டு இணைத்து வெட்டி, அப்போதைய ஆளுநரின் பெயரை வைத்தார்கள். சவுக்கு விறகும், சிப்பிச் சுண்ணாம்பும், உப்பும் படகில் இந்த வழியாகச் சென்னைக்குப் போயின. இரயிலும் லாரியும் வந்த பிறகு தூர்ந்துபோயிற்று.

எல்லையோர ஆசிரியர் (சூளூர்ப்பேட்டை)

ஏரியில் படகில் அழைத்துச் செல்லலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கும் அதில்தான் ஆசை.

பொன்னேரி வாசகர்

வேண்டவே வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. இன்றும் யாராவது ரகசியமாக ஏற்றிச் செல்வதாகச் சொன்னால் நம்பிப் போகாதீர்கள்.

உவர்நீர் (கோட்டைக்குப்பம்)

அந்த நாளில் உடல்களைத் தேடி ஏரியில் இறங்கியவர்கள் எங்கள் குப்பத்து ஆட்கள். ஆகவே அண்ணன் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, பிள்ளைகளைப் படகில் ஏற்றாதீர்கள். ஆனால் தடை மட்டும் நிரந்தரத் தீர்வு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். உயிர்காப்புச் சட்டையும், ஏற்றும் ஆட்களுக்கு வரம்பும், பயிற்சி பெற்ற படகோட்டியும், முகத்துவாரத்தின் பக்கம் போகக் கூடாது என்ற கட்டுப்பாடும் வைத்து, மீனவர் கூட்டுறவின் பொறுப்பில் அரசு முறைப்படுத்தித் தந்தால், மீன்பாடு இல்லாத மாதங்களில் சில குடும்பங்களுக்குச் சோறு கிடைக்கும்.

படகுக்குப் பதிலாகப் பாடு முறையைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள், நானே வந்து சொல்கிறேன். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் உரிமை உள்ளவர்களின் பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுத்து, ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வோம். நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றி வரும். இறால் போகும் பாதையை ஒருவரே வளைத்துக்கொள்ள முடியாது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பாடு முறையில் உரிமை இல்லாதவர்கள் ஏரிக்கரையில் நிறையப் பேர். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, கழுத்தளவு நீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். கை விரலெல்லாம் இறால் முள்ளும் சிப்பியும் கிழித்த தழும்பு. அவர்கள் உழைப்பையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும், வேடிக்கையாக அல்ல.

கல்வெட்டு ஆர்வலர்

கோட்டை மேட்டைச் சுத்தம் செய்து அகழாய்வு நடத்த வேண்டும் என்று பலர் சொல்லிவருகிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அவசரமாகப் புதரைப் பொக்லைன் வைத்து அகற்றினால் மண்ணுக்கடியில் இருக்கும் செங்கல் அடித்தளம் சிதைந்துவிடும். சீமைக்கருவேலத்தைக் கையால் வெட்டி, வேரை அப்படியே மண்ணுக்குள் விட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. அதற்கு முன்பு அகழியில் குப்பை கொட்டுவதை நிறுத்தினாலே பெரிய உதவி. கோட்டையின் நான்கு பக்க எல்லையையும் இன்று நமக்குக் காட்டுவது அந்த அகழி நீர் ஒன்றுதான்.

உவர்நீர் (கோட்டைக்குப்பம்)

அகழி நீரும் ஏரியைப் பொறுத்ததுதான், ஐயா. நிலத்தடியில் ஏரி நீர் இறங்கினால் அகழியும் வற்றும். தொல்லியல் துறை கோட்டையைப் பார்த்துக்கொள்ளட்டும், வனத்துறை பறவையைப் பார்த்துக்கொள்ளட்டும், மீன்வளத் துறை எங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரித்து வைத்திருப்பதால், முகத்துவாரத்தை யார் பார்ப்பது என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் கோடையில் வந்து நிற்கிறது. பொக்லைன் வந்து தோண்டும், அடுத்த மாதமே மணல் மூடும். கல் போட்டு நிலையான முகத்துவாரம் அமைத்துத் தர வேண்டும் என்று நீண்ட காலமாகக் கேட்டுவந்தோம்.

ஆசிரியர் ஐயா, தை மாதம் சரியான காலம்தான். வாய் திறந்திருக்கும், நீர் ஓடும். காலை ஏழு மணிக்குள் பாலத்தருகே வந்துவிட்டால் இரவு வலைக்குப் போன படகுகள் திரும்பி வந்து மீன் ஏலம் போவதைப் பார்க்கலாம். மடவை, கொடுவா, நண்டு, இறால் எல்லாம் கூடையில் உயிரோடு இருக்கும். அங்கிருந்து முகத்துவாரப் பக்கம் போய், வெயில் ஏறுமுன் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடலாம். கடலில் யாரையும் இறக்காதீர்கள், வாய்ப்பக்க நீரோட்டம் பெரியவர்களையே இழுத்துவிடும். குடிநீரை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள், இங்கே கிணற்று நீர் உப்பு. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் குப்பத்திலேயே ஏற்பாடு செய்துவிடுகிறேன்.